மாமியின் பிசாசும் எங்கள் பிசாசும்

"ஹிட்லர் அண்ணை, அந்த நீட்டுப் பலகையை இஞ்சால தள்ளுங்கோ!"

விறகு அடுப்பின் இரைச்சலுக்கு மேலால் கேட்கவேண்டும் என்று நான் உரக்கத்தான் கத்தினேன். எனக்கு அது வேலை நேரத்துப் பேச்சு. ஆனால் கல்லாவில் இருந்த மாமியின் கை, காகிதப் பைக்குள் பாதி போன இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. பை சரிந்து எள் மேசைமேல் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் திரும்பவில்லை. அந்தப் பெயருக்கு யார் பதில் சொல்லப்போகிறார்கள் என்று காத்திருப்பவர்போலக் கண்ணாடிக் கதவில் தெரிந்த எங்கள் உருவங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓமோம், பொறு" என்றபடி, மா படிந்த கையோடு ஹிட்லர் அண்ணை பலகையைத் தள்ளினார். அதன் பிறகுதான் மாமி பையைக் கீழே வைத்தார்.

மொன்றியலில் பேகல் சுடும் கடை அது. மாவை வளையமாக உருட்டி, தேன் கலந்த கொதிநீரில் போட்டெடுத்து, எள்ளில் புரட்டி, நீண்ட பலகையில் அடுக்கி அடுப்புக்குள் தள்ளவேண்டும். யூதர்களின் பண்டம். ஆனால் நான் சேர்ந்த காலத்தில் அதை உருட்டியவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தார். "வெள்ளைக்காரன்ர உழுந்துவடை" என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். முதலாளி ஒரு யூதர். வாய் திறந்து அதிகம் பேசாதவர். அவருடைய தாயார் வயதுபோன பிறகும் காலையில் வந்து கல்லாவில் இருப்பார். ஊரில் ஐயர் வீட்டு அம்மாமாரைப்போல நறுக்குத் தெறித்தாற்போலப் பேசுவார் என்று யாரோ அவருக்கு மாமி என்று பெயர் வைத்தார்கள். அதற்கு அவர் பதிலும் சொல்லத் தொடங்கியதால் பெயர் நிலைத்துவிட்டது. அவர் என்னோடு பேசியது அரைகுறைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். என்னுடையதும் அதே தரம்தான். எனக்குள் அவருடைய பேச்சு யாழ்ப்பாணத் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

ஹிட்லர் அண்ணை என்பவர் எங்கள் அடுப்புக்காரர். ஊரில் கைப்பந்து அணிக்குத் தலைவராக இருந்து, பிந்தி வந்தவனைப் பூவரசங் கம்பால் வெளுத்தவர். அதனால் வந்த பட்டம். எங்கள் பக்கத்தில் இது புதுமையல்ல. என் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாருக்கும் அதே பட்டம்தான், பக்கத்துப் பள்ளிக்கூட அதிபருக்கும் அதே பட்டம்தான். அந்தப் பெயரில் ஒரு பயமும், சொன்னால் நம்பமாட்டீர்கள், கொஞ்சம் மரியாதையும் இருந்தது. கண்டிப்பான மனிதர் என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த உலகப் பெயர் அதுதான். அந்தப் பட்டத்தோடு அண்ணை கடல் தாண்டி வந்து, யாருடைய கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார் என்று அவரும் யோசிக்கவில்லை, அந்தப் பெயரால் கூப்பிட்ட நாங்களும் யோசிக்கவில்லை.

மறுநாள் மாமி என்னைப் பின்பக்கம் மா மூட்டைகள் இருக்கும் இடத்துக்குக் கூப்பிட்டார். "அந்த ஆள் உங்களுக்கு என்ன செய்தவன்? ஏன் அப்பிடிக் கூப்பிடுறியள்?"

"ஒண்டும் செய்யேல்லை மாமி. நல்ல மனிசன். கொஞ்சம் கண்டிப்பு. எல்லாம் நேரத்துக்கு நடக்கவேணும் எண்டுவார்."

மாமி சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு விளங்க நெடுநாள் ஆனது. "நேரத்துக்கா? ஓம், சரிதான். எங்கட சனத்தை ஏத்திக்கொண்டு போன ரெயிலும் நேரத்துக்குத்தான் வந்தது."

அதோடு அவர் கல்லாவுக்குத் திரும்பிவிட்டார். பெயரை மாற்றச் சொல்லவும் இல்லை. நான் போய் விசயத்தைச் சொன்னதும் அண்ணையின் முகம் கறுத்துவிட்டது. "அது நான் வச்ச பேரே? ஊர் வச்சது. நான் இதுக்கு என்ன செய்யிறது?" என்று கொஞ்சநேரம் கத்தினார். பிறகு தானாகவே கைகழுவிக்கொண்டு மாமியின் முன் போய் நின்று, மன்னிப்புக் கேட்கத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வார்த்தையான பார்தோனைச் சொல்லிவிட்டு வந்தார். மாமி அவருக்கு முசே என்று புதுப்பெயர் வைத்தார். பிரெஞ்சில் ஐயா என்று பொருள். ஊர்ப்பெயர் வாயில் வந்து, பாதியில் கடித்து, "ஹி... முசே அண்ணை" என்று கூப்பிடுவோம். உருட்டுகிற பொடியன் ஒருவன் மட்டும், "பேர் மாத்தினாப் பிறகு மனிசன்ர கண்டிப்பும் இறங்கிப்போச்சு, பழைய பேரே திறம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

எனக்குள் அன்றைக்கு விழுந்தது வேறு ஒன்று. அதை வெட்கம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதி பொறாமை. மாமியின் பிசாசுடைய பெயர் கடல் கடந்து, ஒரு யூதரையும் கண்டிராத எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள் வந்து, வாத்தியாருக்குப் பட்டமாகும் அளவுக்கு உலகம் அறிந்திருந்தது. எங்களை எரித்தவர்களின் பெயரை நான் அந்தக் கடைக்குள் உரக்கக் கத்தினாலும் ஒருவருடைய கையும் நின்றிருக்காது.

எண்பத்து மூன்று ஆடியில் நாங்கள் கொழும்புப் பக்கம் தெகிவளையில் இருந்தோம். அப்பா சிறிய துணிக்கடை வைத்திருந்தார். நான் எட்டாம் வகுப்பு. கடைக்குப் போன அப்பா வரவில்லை. வீடு எரிந்தது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா எங்களைத் தன் அறைக்குள் ஒளித்து வைத்திருந்தார். பிறகு அகதி முகாம், அங்கிருந்து யாழ்ப்பாணம். அதோடு என் படிப்பும் முடிந்தது. அதன்பின் ஊரில் நிற்கவும் மனம் வரவில்லை, இன்னொரு இடத்தில் நிற்கவும் கால் விடவில்லை. ஜெர்மனியில் கோழிப் பண்ணை, பாரிசில் கோப்பை கழுவல், மார்செயில் பெயின்ட் அடிப்பு, கடைசியில் கனடா. கஷ்டம்தான், ஆனால் அது எல்லோருக்கும் நடந்த கஷ்டம். எங்கள் ஆட்கள் இதையெல்லாம் ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். "எண்பத்து மூண்டு கலவரத்தில எல்லாம் போச்சு." நானும் அப்படித்தான் சொல்லிப் பழகியிருந்தேன்.

ஜெர்மனியில் ஒரு காரியம் நடந்தது. நாங்கள் அகதிகள் தங்கியிருந்த கட்டடத்துக்கு ஒருநாள் கல்லெறிந்தார்கள். மறுநாள் அந்தச் சிறிய ஊரின் ஆட்கள் கையில் மெழுகுவர்த்தியோடு வந்து எங்கள் வாசலில் வரிசையாக நின்றார்கள். ஒரு வயதான ஜெர்மன்காரி என் கையைப் பிடித்து, "இது எங்க போய் முடியும் எண்டு எங்களுக்குத் தெரியும்" என்று சொன்னார். என் வழக்கைப் பார்த்த வக்கீல் அம்மாவும் அதையேதான் வேறு விதமாகச் சொன்னார். அகதியைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று தங்கள் சட்டத்தில் எழுதியிருப்பது, தாங்கள் யூதர்களுக்குச் செய்ததை நினைத்து எழுதியது என்று. எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். சந்தோசப்பட்டேன். கட்டிலில் படுத்தபிறகு வேறு யோசனை வந்தது. இவர்கள் வெட்கப்படுவது எனக்காக அல்ல. வேறு யாருக்கோ செய்ததற்குப் பட்ட வெட்கத்தில் எனக்குப் படுக்கவும் சாப்பிடவும் இடம் கிடைத்திருக்கிறது. செத்தவர்கள் யூதர்கள், அவர்கள் செத்ததால் மெழுகுவர்த்தி எனக்கு. எங்களில் செத்தவர்களுக்காக உலகத்தில் எந்த ஊரில், எந்த அகதியின் வாசலில் யார் மெழுகுவர்த்தி பிடிப்பார்கள்? அந்தக் கேள்வியை நான் எங்கும் கேட்டதில்லை. கோழிப் பண்ணையில் கேட்க ஆளும் இல்லை.

மொன்றியலில் மாமியைக் கண்டபிறகு அந்தக் கேள்வி ஒவ்வொரு காலையும் கல்லாவில் உட்கார்ந்திருந்தது. மாமி பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பேசுகிறவர். சிறுமியாக இருந்தபோது தப்பியவர். ரெயிலுக்கு நின்ற வரிசையிலிருந்து தாயார் அவரை வெளியே தள்ளிவிட்டாராம். ஒரு கமக்காரன் தன் உருளைக்கிழங்குக் குழிக்குள் ஒளித்து வைத்திருந்தானாம். வீட்டில் வேறு ஒருவரும் மிஞ்சவில்லை. இந்தப் பேச்சுக்கு வாகனம் அனுப்புவார்கள், பூச்செண்டு கொடுப்பார்கள். நகரத்தில் அவர்களுக்கு நினைவு மண்டபம் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் மஞ்சள் பஸ்ஸில் போய்ப் பார்க்கிறார்கள். வருசத்தில் ஒரு நாள் இருக்கிறது. அன்றைக்கு மேயர்மாரும் மந்திரிமாரும் தலைகுனிந்து நிற்கிறார்கள். நாங்களும் ஆடி மாதம் ஒரு மண்டபம் வாடகைக்கு எடுத்து விளக்குக் கொளுத்துகிறோம். நாங்களே வருகிறோம், நாங்களே அழுகிறோம், பிறகு நாங்களே கதிரைகளை அடுக்கி வைத்துவிட்டு வருகிறோம்.

இதெல்லாம் பொறுக்கக்கூடியதுதான். பொறுக்க முடியாதது என் வீட்டுக்குள் நடந்தது. நாங்கள் சென்ட் லோரன்டில் ஒரு வாடகைத் தொடர்மாடியில் இருந்தோம். மகள் அப்போது உயர்பள்ளி. ஒருநாள் பின்னேரம் பனிச் சப்பாத்தையும் கழற்றாமல் குசினி வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு அம்மா வந்து பேசினார் என்றாள். விவரத்தைச் சொல்லச் சொல்ல ஆள் யார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"அவ எங்கட கடை மாமி" என்றேன்.

"நீங்கள் அவவோடயா வேலை செய்யிறனீங்கள்? ஏன் அப்பா எனக்கு ஒண்டும் சொல்லேல்லை? அவ எவ்வளவு நாள் அந்தக் குழிக்குள்ள இருந்தவ தெரியுமா? நான் கைதூக்கிக் கேட்டனான். எங்கட கிளாஸ்ல எல்லாரும் அழுதவை."

"எங்களுக்கும் நடந்ததுதானே பிள்ளை" என்றேன். அதை எப்படித் தொடர்ந்து சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அவள் தலையாட்டினாள்.

"ஓம், தெரியும் அப்பா. கலவரம். ரயட் தானே. ரெண்டு பக்கமும் அடிபடுறது. இது வேற அப்பா, இது ரேசிசம்."

அவள் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பாடத்தில் பிழை திருத்துவதுபோல அன்பாகத்தான் சொன்னாள். நான் குப்பைப் பையைக் கட்டி எடுத்துக்கொண்டு கீழே போனேன். பை பாதியும் நிறைந்திருக்கவில்லை.

அடுத்தநாள் காலையில் நான் மாமியோடு சண்டை பிடித்தேன். சண்டைக்கு ஒரு காரணமும் இல்லை. பைகளை அடுக்கும்போது, தட்டை எங்கே வைப்பது என்று அவர் ஏதோ சொல்ல, நான் எங்கேயோ போய்விட்டேன். ஜெர்மன் பாசையில் தொடங்கினேன். என் ஜெர்மன் அவருக்கு விளங்கும், அவருடைய வீட்டுப் பாசை அதற்குப் பக்கத்துப் பாசை. விளங்குவதுதான் அவருக்குப் பிடிக்காது. "காலங்காத்தால அந்தப் பாசையில என்னோட கதையாதை" என்றார். பிரெஞ்சுக்கு மாறினேன். "உங்களுக்கென்ன மாமி. உங்கட பிசாசின்ர பேர் எங்கட ஊர் வாத்திமாருக்குப் பட்டமாப் போகுமட்டும் வந்து சேர்ந்திட்டுது. எங்கட பிசாசின்ர பேர் உங்கட கடை வாசப்படி தாண்டேல்லை. என்ர பிள்ளை உங்களுக்காக அழுதிட்டு வந்து, எங்களுக்கு நடந்தது வெறும் ரயட் எண்டு எனக்குப் பாடம் சொல்லுறாள்."

கடையில் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். முசே அண்ணை என் தோளைத் தட்டி, "விடடாப்பா, முதலாளியின்ர தாய்" என்று தமிழில் மெல்லச் சொன்னார்.

மாமி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "அந்தச் சொல்லைப் பிள்ளைக்கு ஆர் குடுத்தது?" என்று கேட்டார்.

"நாங்கள் எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது. கலவரம்."

"அண்டைக்கு உங்கட தெருவில ரெண்டு பக்கமும் அடிபட்டவையோ?"

"இல்லை."

"வந்தவங்களுக்கு உங்கட வீடு எது எண்டு தெரிஞ்சிருந்ததோ?"

"தெரிஞ்சிருந்தது."

"பொலிஸ்?"

"பாத்துக்கொண்டு நிண்டது."

மாமி தட்டைத் தான் வைக்கச் சொன்ன இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். "எங்கட ஊர்ப் பேப்பரிலும் முதல் முதல் குழப்பம் எண்டுதான் போட்டவங்கள். நகரத்தில சிறு குழப்பம். பேந்துதான் உலகம் வேற சொல்லுப் படிச்சது. அந்தப் படிப்புக்கு நாங்கள் குடுத்தது கொஞ்சமில்லை. சொல்லு இப்ப கிடக்குத்தானே. நீங்கள் ஏன் இன்னும் அடிச்சவன் வச்ச பேரைச் சொல்லிக்கொண்டு திரியிறியள்?"

பிறகு என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல்லான பேந்து என்பதை அவர் தமிழிலேயே சொன்னார். அவருடைய மகன் இன்னும் எள் கொண்டுவரச் சொன்னபோதெல்லாம் எங்கள் ஆட்கள் சொன்ன பதிலிலிருந்து பொறுக்கிய சொல். எனக்கு அது இன்னும் எரிச்சலைத்தான் தந்தது. எனக்கு நடந்ததற்கு என்ன பெயர் என்றும் இவரிடமா நான் கேட்டுப் படிக்கவேண்டும்? ஆனால் அன்று வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது கலவரம் என்ற சொல்லை வாய்க்குள் போட்டுப் பார்த்தேன். கலங்கிய தண்ணீர்போல, யார் கலக்கினான் என்று காட்டாத சொல். இத்தனை நாடு சுற்றியும் அதை நான் திருப்பிப் பார்த்ததில்லை.

மகளிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை. நான் போய்ச் சொல்வதில் என்ன இருக்கிறது? அவளாகக் கேட்கவேண்டும். மாமியிடம் கைதூக்கிக் கேட்டாளே, அதுபோல. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அவள் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கல்லூரிக்குப் போன பிறகு, அந்தக் கல்லூரியும் மாமியைப் பேச அழைத்தது. தீவின் மேற்கு முனை, தூரம். மாமிக்கு அப்போது கால் ஏலாது. முதலாளி என்னிடம் வந்து, தனக்குக் கடையை விட்டு வர முடியாது, நீ கூட்டிக்கொண்டு போய்வா என்று கார்த் திறப்பைத் தந்தார். அவர் ஒருநாளும் தாயாருடைய பேச்சுக்குப் போனதில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. அன்று நான் மண்டபத்தின் பின்சுவரோடு நின்று கேட்டேன். அது எனக்கு முதல் தடவை. அதன்பின் வேறு இடங்களுக்கும் கூட்டிப்போய், அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஆனால் அன்றைக்கு நான் பேச்சைக் கேட்டது பாதி. முன்வரிசையில் இருந்த மகளைப் பார்த்துக்கொண்டிருந்தது மீதி. மாமி ஒரு சொல்லுக்காகத் தேடி நிற்கும்போது அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். என் பிள்ளையின் அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. அது என் பக்கம் திரும்பியிருந்ததே இல்லை. தொண்ணூறை எட்டிக்கொண்டிருந்த ஒரு மனுசியைப் பார்த்து, குடும்பம் முழுவதையும் பறிகொடுத்த மனுசியைப் பார்த்து, நான் பொறாமைப்பட்டேன்.

திரும்பி வரும்போது மகளும் எங்களோடு ஏறிக்கொண்டாள். மாமி முன்னால், அவள் பின்னால். நாற்பதாம் நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. மாமிக்குக் களைப்பு, ஆனால் பேச்சு முடிந்த உற்சாகமும் இருந்தது. மடியில் பூச்செண்டு.

"நல்ல சனம் மாமி. மண்டபம் நிறைஞ்சிட்டுது" என்றேன். என் குரலில் இருந்தது அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

"உனக்கு இன்னும் என்னிலை எரிச்சல்."

"எரிச்சலென்ன. உங்களுக்குப் பூ, எனக்கு றைவர் வேலை."

"பூவை நீயே எடு. எனக்குத் தும்மல் வருது." மடியிலிருந்து தூக்கி என் பக்கம் போட்டார். "எனக்கும்தான் உன்னிலை எரிச்சல். அது உனக்குத் தெரியுமோ? அடுப்படியில நீங்கள் இத்தினை பேர் நிண்டு ஒரே பாசையில கத்துறியள். கிணறு வீட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ எண்டு உன்ர அண்ணனோட ரெலிபோனில சண்டை பிடிக்கிறாய். எங்கட கிணறு எந்தப் பக்கம் எண்டு நான் பிழையாச் சொன்னாலும், இல்லை எண்டு சொல்ல உலகத்தில ஒருத்தர் இல்லை."

"உங்களுக்கு மண்டபம் இருக்கு மாமி. அரசாங்கம் மன்னிப்புக் கேக்குது."

"மண்டபத்தோட சண்டை பிடிக்கேலுமோ?"

"அப்பா, பிளீஸ்" என்றாள் மகள் பின்னாலிருந்து. பயந்துபோனாள். இவ்வளவு பெரிய மனுசியோடு இப்படியா பேசுவது என்று அவளுக்கு.

நான் நிறுத்தவில்லை. "உங்களை ஒருத்தன் ஒளிச்சு வச்சவன். அவன்ர பேரில மரம் நட்டிருக்கு எண்டு இண்டைக்குச் சொன்னீங்கள். எங்களை ஒளிச்சு வச்ச மனிசியின்ர பேர் எனக்கே முழுசாத் தெரியாது."

"உனக்குத் தாய் கூட இருந்தா. உன்ரை தாயோட நீ கப்பலில போனனீ. நான் ஆரோட போனனான்?"

பின் இருக்கையிலிருந்து மகள் முன்னால் எட்டினாள். பிறகு, "என்ன கப்பல்?" என்றாள்.

மாமி என்னைப் பார்த்தார். நான் வழியைப் பார்த்தேன்.

"அப்பா, என்ன கப்பல்?"

மாமிக்கு அந்தக் கப்பலைப் பற்றி எப்போதோ மா மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று சொல்லியிருந்தேன். பெற்ற பிள்ளைக்குச் சொல்லியிருக்கவில்லை. எத்தனை வருசமாக இந்தக் கேள்விக்குக் காத்திருந்தேனோ, அது வந்ததும் எனக்குத் தள்ளிப்போடத்தான் தோன்றியது. "அது பேந்து சொல்லுறன் பிள்ளை" என்றேன்.

மாமி என் கையில் ஓர் அடி போட்டார். ஸ்டியரிங் ஆடியது. "பேந்து இல்லை! இப்ப!"

சொன்னேன். முகாமிலிருந்த எங்களைச் சரக்குக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பியதைச் சொன்னேன். மேல்தட்டில் வெயிலில் இருந்தோம். அம்மா பக்கத்து வீட்டு அம்மாவின் பூப்போட்ட கவுணோடு இருந்தார். சேலையைக் கண்டால் தமிழ் என்று தெரிந்துவிடும் என்று அந்த அம்மா தன் உடுப்பைக் கொடுத்து, ஈரத்துணியால் அம்மாவின் பொட்டையும் துடைத்துவிட்டிருந்தார். கப்பலில் நிறையப் பெண்கள் அப்படித்தான் வெறும் நெற்றியோடு இருந்தார்கள். கரை தெரிந்ததும் யாரோ ஒருவர் முடிச்சில் குங்குமம் வைத்திருந்தது தெரியவந்து, ஒருவர் மாற்றி ஒருவர் தொட்டு வைத்துக்கொண்டார்கள். இனிப் பயமில்லை என்று சிரித்துக்கொண்டே வைத்தார்கள். அம்மாவிடமும் நீட்டினார்கள். அம்மா, "அவர் வரட்டும்" என்றார். அப்பா வரவேயில்லை. ஒளிவதற்காக அழித்த பொட்டை அம்மா பிறகு வைக்கவே இல்லை. எந்த நாளில் விதவையானார் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

இதைச் சொல்லும்போது நான் வழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் மண்டபத்தில் அழுததுபோல அழவில்லை. அதையும் கவனித்தேன், பொறாமைக்காரனுக்கு எல்லாம் கண்ணில் படும். அவள் கேட்டாள். கவுண் என்ன நிறம் என்று கேட்டாள். குங்குமம் வைத்திருந்த பெண் யார், ஒளித்து வைத்த அம்மா எங்களுக்கு என்ன சமைத்துத் தந்தார், அந்த வீட்டுக் கதவை வந்து தட்டியது யார், அவர்களுக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்டாள். என் அப்பாவின் கடைக்கு என்ன பெயர் என்று கேட்டாள். ரயட் என்ற சொல் ஒருமுறையும் அவள் வாயில் வரவில்லை. வேறு பெயரும் அவள் வைக்கவில்லை.

மாமி தன் சட்டையின் இடது மார்புப் பக்கத்தை விரலால் நீவினார். பிறகு, "யூதர் எண்டு காட்ட எனக்கு அம்மா சட்டையில மஞ்சள் துணியைத் தைச்சுவிட்டவ. அடையாளம் இல்லாமல் வெளிய போனால் அடிப்பாங்கள் எண்டு, நூல் தெரியாமல் சின்னச் சின்னத் தையலாப் போட்டவ. உன்ர அம்மாவுக்கு அழிச்சுவிட்டிருக்கினம்" என்றார். மஞ்சள் துணியைப் பற்றி அன்றைய பேச்சிலும் சொன்னார், ஆனால் நூல் தெரியாத தையல் என்பதைக் காரில்தான் கேட்டேன்.

மாமியை அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது மகள் அவருக்குக் கை கொடுத்தாள். மாமி கையை விடாமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் திரும்பி, "என்ர மகன் என்னட்டை ஒருநாளும் என்ன ரெயில் எண்டு கேக்கேல்லை" என்றார். "பள்ளிக்கூடப் பிள்ளையள் கேக்குதுகள். வீட்டுக்குள்ள ஒருத்தரும் கேக்கேல்லை." அவர் முகத்தில் இருந்தது என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அதே முகத்தோடுதான் நான் அன்று பின்சுவரில் சாய்ந்து நின்றேன்.

மாமி போன பனிக்காலத்தில் காலமானார். இப்போது நான் அந்தக் கடையில் இல்லை, கார்ட்டியர்வில் பக்கத்தில் ஒரு கட்டடத்துக்குக் காவல். மகள் வேலைக்குப் போகிறாள். அவள்தான் செத்தவீட்டுக்குப் போகவேண்டும் என்றாள். அவர்கள் ஏழுநாள் தாழ்வான இருக்கையில் இருந்து துக்கம் காப்பார்களாம். போகும் வழியில் எனக்கு ஒன்றைச் சொல்லித் தந்தாள். துக்கக்காரர் வாய் திறக்கும்வரை போனவர்கள் பேசக்கூடாதாம். எங்கள் செத்தவீடுகளில் வாசலிலேயே ஒப்பாரியும் விசாரிப்பும் தொடங்கிவிடும். சும்மா இருக்க எங்களுக்குத் தெரியாது. இருந்தாலும் இருந்தேன். நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடியிருந்தார்கள். முதலாளி சவரம் செய்யாத முகத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நாங்கள் போக எழுந்தபோதுதான் அவர் தலையைத் தூக்கினார்.

"நீதானே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போறனீ. அங்க அவ என்ன சொல்லுவா?"

ஏதோ பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். "எல்லாம் சொல்லுவா" என்றேன்.

"அவ ஒருநாளும் உருளைக்கிழங்கு சமைக்கமாட்டா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்." பிறகு, "உனக்குச் சொல்லியிருக்கிறா" என்றார்.

நான் திரும்ப உட்கார்ந்தேன். மகளும் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து அதுவரை யாரும் பொறாமைப்பட்டதில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன், நாடு நாடாகக் கோப்பை கழுவியவன், என்னிடம் என்ன இருந்தது பொறாமைப்பட? அப்படி ஒருவர் ஒருநாளைக்காவது என்னைப் பார்த்தால் சுகமாக இருக்கும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய அம்மம்மா மஞ்சள் துணியைத் தைக்க ஊசியில் நூல் கோத்த இடத்திலிருந்து தொடங்கினேன். கொஞ்சத்தூரம் போனதும் அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். "மெதுவாச் சொல்லு" என்றார்.

மெதுவாகச் சொன்னேன்.